பண்டரி வழியில் ஒரு துணை



இப்பகுதியில் மாதந்தோறும் நான் எழுதிவருவது பெரும்பாலும் ரயிலைப் பற்றியதாகவே இருக்கும். ஊருக்குச் செல்லும் வண்டிகளில் இடம் பெறுவது எப்படி, வீடு மாற்றுவோர் பாத்திர பண்டங்களைப் பார்சலில் அனுப்பும்போது எவ்வாறு கட்ட வேண்டும், தவறிப்போன மூட்டைக்கு யாரிடம் மனுச் செய்ய வேண்டும் என்பன போன்ற செய்திகளை எழுதுவதே பார்சல் அலுவலகக் குமாஸ்தாவாகிய எனக்குப் பொருத்தம் என்று எண்ணி வந்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் அதற்கு மேல் எதைப் பற்றி எழுதத் துணிவது? ஆயினும் இம்மாதம் ரயிலை விட்டு இறங்கிக் கால்நடையாகச் சென்ற ஒரு பயணத்தைப் பற்றி எழுத முற்படுகிறேன். அப்பயணத்தில் எனக்கு வாய்த்த ஒரு துணையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்வதே இன்னும் பொருந்தும்.

புனேயில் வாழும் நாம் அனைவரும் ஆண்டுதோறும் அக்காட்சியைக் கண்டிருக்கிறோம். தேஹுவிலிருந்து துக்காராம் சுவாமிகளின் பாதுகைகளும், ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும் பல்லக்கில் ஏறிப் பண்டரிபுரத்திற்குப் புறப்படுகின்றன. இரண்டு பல்லக்குகளும் புனே நகரில் தங்குகின்றன. அவற்றோடு இலட்சக்கணக்கான மக்கள் நடந்து வருகிறார்கள். அந்நாள்களில் ‘சாலையை அடைத்துவிட்டார்கள், பேருந்து வராது’ என்று முணுமுணுப்பதோடு நம்மில் பலருடைய ஈடுபாடு முடிந்துவிடுவதுண்டு. நானும் பதினோர் ஆண்டுகள் அவ்வாறே முணுமுணுத்தவன்தான்.

இந்த நடைப்பயணத்திற்கு ‘வாரி’ என்று பெயர். நடப்பவர் ‘வார்கரி’. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் சுமார் 250 கிலோமீட்டர். ஆஷாட மாதத்து வளர்பிறை ஏகாதசிக்குள் அங்கே சேர்ந்துவிட வேண்டும். ஞானேசுவரர் 1275இல் பிறந்து, 1290இல் கீதைக்கு மராத்தி மொழியில் பேருரை கண்டு, 1296இல் தம் இருபத்தோராம் வயதில் ஆளந்தியில் சமாதி கொண்டவர். மக்கள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ‘மாவுலி’ என்பார்கள். தாய் என்று பொருள். அவரை மட்டுமா? வாரியில் நடக்கும் ஒவ்வொருவரும் மற்றவரை அழைப்பது அந்த ஒரு சொல்லால்தான். ஆணும் மாவுலி, பெண்ணும் மாவுலி. வழிவிடச் சொல்லும் காவலரும் மாவுலி. ஒருவர் மற்றவர் காலைத் தொட்டு வணங்கினால், வணங்கப்பட்டவர் உடனே குனிந்து வணங்கியவர் காலைத் தொடுகிறார். முதல் நாள் எனக்கு இது கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

கூட்டம் கூட்டமாகத் தெரிந்தாலும் அது வெறும் கூட்டமன்று. எல்லாரும் ‘திண்டி’ என்னும் குழுக்களாகப் பிரிந்து நடக்கிறார்கள். பல்லக்கு வைத்த ரதத்திற்கு முன்னே செல்லும் திண்டிகளுக்கும் பின்னே வரும் திண்டிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. ஒவ்வொரு திண்டியிலும் முதலில் காவிக் கொடி ஏந்தியவர்கள், பின்பு தாளம் கொட்டுவோர், நடுவே மிருதங்கம், அதன்பின் வீணை தாங்கியவர், அவருக்குப் பின் தலையில் துளசி மாடமும் தண்ணீர்க் குடமும் சுமந்த பெண்கள் என்பது முறை. இந்த ஒழுங்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்படுத்தியவர் ஹைபத்பாபா என்னும் அடியார். நம் தஞ்சையை 1676 முதல் 1855 வரை மராத்திய மன்னர் ஆண்ட காரணத்தால், இவர்கள் பாடும் அபங்கங்கள் நம் ஊர்ப் பஜனை மடங்களுக்கும் புதியனவல்ல. ஆனால் மடத்தில் அமர்ந்து கேட்பதற்கும் வெயிலில் நடந்துகொண்டே கேட்பதற்கும் வேறுபாடு மிகப் பெரிது.

நான் ஏன் நடக்கப் புறப்பட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் தாயார் மணப்பாறைக்கு அருகில் உள்ள எங்கள் கிராமத்தில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் காலமானார். பெருந்தொற்றை முன்னிட்டு மார்ச் இறுதியிலேயே பயணிகள் வண்டிகள் அனைத்தும் நின்றுவிட்டன. மருந்தும் உணவுப் பொருளும் ஏற்றிக்கொண்டு பார்சல் வண்டிகள் மட்டும் ஓடின. அவற்றிற்குச் சீட்டெழுதுவதுதான் என் வேலை. செய்தி வந்த அன்றும் தெற்கே செல்லும் பெட்டிகளுக்குச் சீட்டெழுதினேன். பெட்டிகள் போயின; நான் போகவில்லை. எரியூட்டியதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியில் ஒரு சாண் அளவுக்குப் பார்த்தேன். மறுநாள் என் தந்தையார் தொலைபேசியில், “ரயிலிலே வேலை பார்க்கிறவனுக்கே ரயில் இல்லையாப்பா?” என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியம் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

அதன் பிறகு வண்டிகள் ஓடத் தொடங்கின. என் கையில் இலவசப் பயணப் பாஸ் இருந்தது. ஆயினும் நான்கு ஆண்டுகளில் ஊருக்குச் சென்றது இரண்டே முறை. பணம் மாதந்தோறும் தவறாமல் போயிற்று. தந்தையாருடன் பேசுவதை என் மனைவியிடம் விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்றேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்க அஞ்சினேன்.

2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், என்னோடு பணிபுரியும் மராத்திய நண்பர் ஒருவர், பீட் மாவட்டத்திலிருந்து வரும் தம் ஊர்த் திண்டியோடு லோணந்த் வரை நடந்து வருமாறு அழைத்தார். ஜெஜூரி, வால்ஹே, நீரா, லோணந்த் ஆகிய ஊர்கள் புனேயிலிருந்து மிரஜ் செல்லும் ரயில் பாதையிலும் இருக்கின்றன. பல்லக்கு செல்லும் சாலை அதுவரைக்கும் தண்டவாளத்திற்கு அண்டையில் செல்கிறது, அப்பால் பிரிந்துவிடுகிறது. ‘நடக்க முடியாவிட்டால் ரயிலேறி வந்துவிடலாம்’ என்று நண்பர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என் தாயார் ஆண்டுதோறும் மஞ்சளாடை உடுத்தி, வேப்பிலை ஏந்தி, ஊர்ப் பெண்களோடு சமயபுரத்துக்கு நடந்து செல்வார். அந்த நினைவும் சேர்ந்துகொண்டது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். நண்பருக்குக் கடைசி நேரத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே முன்பின் அறியாத திண்டியில் நான் ஒருவனே தமிழன்.

புனேயிலிருந்து பல்லக்கு புறப்படும் நாள் பெரும்பாலும் தேய்பிறை ஏகாதசியாக அமைகிறது. அன்று உபவாசம். அன்றுதான் நடையும் அதிகம்; சாஸ்வட் வரை சுமார் 30 கிலோமீட்டர், நடுவே திவே கணவாயின் ஏற்றம். ரதத்தை இழுக்கும் காளைகளுக்கு அங்கே மேலும் பல இணைகளைப் பூட்டுகிறார்கள். வழியெல்லாம் ஊர்மக்கள் வாழைப்பழமும், வேர்க்கடலையும், ஜவ்வரிசிக் கிச்சடியும் கையில் திணித்தார்கள். மராத்தியர் விரதத்திற்கு உண்ணும் இந்த ஜவ்வரிசியில் பெரும்பகுதி நம் சேலத்திலிருந்து வருவது என்பது சரக்கோடு பழகிய எனக்குத் தெரியும். அன்னிய நாட்டில் ஊர்க்காரரைக் கண்டது போன்ற ஒரு மகிழ்ச்சியோடு அதை உண்டேன்.

அந்த மகிழ்ச்சி கணவாயின் அடிவாரம் வரைதான் நிலைத்தது. பயணத்திற்கென்றே வாங்கிய புதிய காலணி இரண்டு குதிகாலையும் தின்றுவிட்டது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். திண்டி என்னைக் கடந்து சென்றது. அப்போது கடைசி வரிசையில் வந்த ஒரு மூதாட்டியார் நின்றார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ஒன்பது கெஜப் புடைவையைக் கச்சமாகக் கட்டியிருந்தார். தலையில் துளசி மாடம். அதை அவர் கையால் பிடிக்கவுமில்லை.

“புதுச் செருப்பா?” என்று கேட்டார். ஆம் என்றேன்.

“மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறாயா, பாளா? வாரிக்குப் பழைய செருப்புத்தான் வேண்டும். கழற்று.”

‘பாளா’ என்றால் குழந்தாய் என்பது போல. முப்பத்தாறு வயதில் என்னை யாரும் அவ்வாறு அழைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முந்தானை முடிச்சிலிருந்து சிறு புட்டியை எடுத்து, மஞ்சள் குழைத்த எண்ணெயைக் குதிகாலில் தடவச் சொன்னார். பழந்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். பிறகு எனக்காகக் காத்திராமல் நடக்கத் தொடங்கினார். “வலியைக் கேட்டுக்கொண்டு நடக்காதே, தாளத்தைக் கேட்டுக்கொண்டு நட” என்று திரும்பிப் பாராமலே சொன்னார். அந்தக் கணவாயை நான் வெறுங்காலோடு ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இன்றும் என்னால் விளக்க முடியாது. முன்னே ஆடாமல் அசையாமல் சென்ற அந்தத் துளசியை மட்டும் பார்த்துக்கொண்டே ஏறினேன் என்பது நினைவிருக்கிறது.

சாஸ்வட்டில் ஞானேசுவரருடைய தம்பி சோபான தேவரின் சமாதி இருக்கிறது. அங்கே இரண்டு இரவு தங்கல். திண்டிக்காரர்களின் லாரியில் வந்த கூடாரங்களில் படுக்கை. விடியுமுன் மூன்று மணிக்கே எழுந்து தண்ணீர் வண்டியடியில் குளியல். என் மராத்தி, பார்சல் அலுவலக ஜன்னலுக்குள் பிறந்து அங்கேயே வளர்ந்தது. எடை, கட்டணம், நாளை வா என்பவற்றிற்கு மேல் அதற்குப் போதிய சொற்கள் இல்லை. ஆயினும் அந்த அம்மையார் என்னோடு சளைக்காமல் பேசினார். பிழையாகப் பேசினால் சிரிப்பார். திருத்திவிட்டு மேலே பேசுவார். பதினோர் ஆண்டில் கற்காத மொழியை ஐந்து நாளில் ஓரளவு கற்றேன். அவர் பெயரை மட்டும் கேட்கவில்லை. அங்கே மாவுலி என்ற பெயர் போதுமாயிருந்தது.

ஜெஜூரிக்குச் செல்லும் வழியில் அவர் தொழிலைக் கேட்டேன். கரும்பு வெட்டுவது என்றார். பீட் மாவட்டத்தில் மழை குறைவு. அங்குள்ள ஏழை மக்கள் ஐப்பசியில் அறுவடைக் காலம் தொடங்கியதும் குடும்பத்தோடு மேற்கே கரும்பு விளையும் நாட்டிற்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பங்குனி, சித்திரையில்தான் திரும்புகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஓர் ஆள் கணக்கு. அதற்குக் ‘கொய்தா’, அதாவது அரிவாள் என்று பெயர். முன்பணத்தை மேஸ்திரியிடம் வாங்கிவிட்டால், அது கழியும்வரை திரும்ப முடியாது. வயலோரத்தில் கரும்புத் தோகையால் வேய்ந்த குடிசையே ஆறு மாதத்து வீடு. விடியுமுன் வெட்டத் தொடங்கி, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து, சாய்த்து வைத்த பலகையின்மேல் ஏறி லாரியில் அடுக்க வேண்டும்.

“நாற்பது வருஷம் கரும்புக் கட்டுச் சுமந்த தலை இது. துளசி எனக்குப் பூப்போல” என்றார்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிழைப்புக்காக ஊரை விட்டு வராதவர் எவர்? மாதச் சம்பளமும், குவார்ட்டர்ஸும், ஊருக்குப் போகப் பாஸும் பெற்ற நானே என்னைப் புலம்பெயர்ந்தவன் என்று எண்ணிக் கண் கலங்கியதுண்டு. ஆண்டில் பாதி நாள் தோகைக் குடிசையில் கழித்த ஒருவர் என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். அவர் கண் கலங்கவில்லை. லோணந்தைக் கடந்து பல்டண், நாதேபுதே, மால்சிரஸ் என்று பல்லக்கு செல்லும் அந்தக் கரும்பு நாட்டில்தான் அவர் அரிவாள் பிடித்திருக்கிறார். “அதே மண். மார்கழியில் கூலிக்காக நடப்பேன். ஆஷாடத்தில் மாவுலிக்காக நடப்பேன். காலுக்கு வித்தியாசம் தெரியும்” என்றார்.

வால்ஹேயிலிருந்து புறப்பட்ட காலையில் அவர் என்னை நேராகக் கேட்டார்: “நீ யாருக்காக நடக்கிறாய்?”

நீரா ஆற்றை நெருங்கிக்கொண்டிருந்தோம். அங்கே பாதுகைகளுக்குத் திருமஞ்சனம் நடக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. என்னிடமிருந்த குறை மராத்தியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொற்கள் போதாத இடத்தில் இந்தி. இந்தியும் போதாத இடத்தில் தமிழ். என் தந்தையார் கேட்ட கேள்வியைத் தமிழிலேயே சொன்னேன். அவருக்கு எப்படிப் புரிந்ததோ, புரிந்தது.

‘அது உன் குற்றமன்று’ என்று அவர் ஆறுதல் சொல்வார் என எதிர்பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு தம் தகப்பனார் கதையைச் சொன்னார்.

அவர் தந்தை ஆண்டு தவறாத வார்கரி. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு கரும்பு அறுவடையின் நடுவில் அவர் ஊரில் இறந்துபோனார். செய்தி வயலுக்கு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. முன்பணம் கழியவில்லை, மேஸ்திரி விடவில்லை. அன்றும் அவர் கட்டுச் சுமந்தார். அந்த ஆண்டு ஆனியில் தந்தையின் துளசி மாலையைத் தாம் அணிந்துகொண்டு, தந்தை நடந்த திண்டியில், தந்தையின் இடத்தில் நடக்கத் தொடங்கினார். வீட்டில் ஒருவர் தொடங்கிய வாரியை அடுத்தவர் ஏற்று நடத்துவது அவர்கள் வழக்கம்.

“அவர் பாடையை நான் தூக்கவில்லை. அவர் வாரியைத் தூக்கிக்கொண்டேன். 2020இல் பாதுகைகளே பேருந்தில் போயின. நாங்கள் யாரும் நடக்கக் கூடாது என்றார்கள். அந்தச் சித்திரையில் நாங்களும் கரும்புக் குடிசையில்தான் அடைபட்டிருந்தோம். ஆனியில் என் வீட்டு முற்றத்தில் துளசியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.”

பிறகு கேட்டார்: “உன் தாய் எதைச் சுமந்துகொண்டிருந்தாள், பாளா? அதை இப்போது யார் சுமக்கிறார்கள்?”

என்னிடம் விடை இல்லை. சமயபுரத்து நடையைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். “அது வருஷத்துக்கு ஒரு நாள். தினமும் எதைச் சுமந்தாள்?”

அன்றிரவு லோணந்தில் ‘சமாஜ ஆரத்தி’ என்னும் நிகழ்ச்சியைக் கண்டேன். பல்லக்கு வந்து இறங்கியதும் திண்டிகள் எல்லாம் திரண்டு நிற்கின்றன. ஆயிரக்கணக்கான தாளங்களின் ஒலியில் பக்கத்தில் நிற்பவர் பேச்சும் காதில் விழாது. சோப்தார் என்னும் அதிகாரி தம் தடியை உயர்த்திக் குரல் கொடுக்கிறார். மறுகணம் அவ்வளவு பெரிய திடலும் ஓசையடங்குகிறது. வழியில் கண்டெடுத்த பொருள்கள், காணாமற் போன பொருள்கள் பற்றி அறிவிக்கிறார்கள். ஆனால் ஏதேனும் ஒரு திண்டிக்கு அன்று குறை நேர்ந்திருந்தால், அத்திண்டியார் மட்டும் தாளத்தை நிறுத்தமாட்டார்கள். எல்லாம் அடங்கிய பின்னும் அந்த ஒரு தாளம் ஒலித்துக்கொண்டே இருக்கும். சோப்தார் அவர்களிடம் சென்று குறையைக் கேட்க வேண்டும். கேட்டுத் தீர்த்த பின்னரே அத்தாளம் அடங்கும், ஆரத்தி தொடங்கும். அன்று எங்கோ தொலைவில் ஒரு திண்டியின் தாளம் அவ்வாறு ஒலித்தது. அவர்களுக்கு என்ன குறையோ, அறியேன். நான்கு ஆண்டுகளாக எனக்குள் ஒலித்துக்கொண்டிருந்த ஒன்றை அப்போது அடையாளம் கண்டேன். அதனிடம் சென்று என்ன குறை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கூடாரத்தில் படுத்தபோது விடை தானே வந்தது. என் தந்தையார் சர்க்கரை நோயாளி. மாத்திரையைத் தாமாக எடுத்து உண்ணும் பழக்கம் அவருக்கு என்றும் இருந்ததில்லை. மாலை விளக்கு வைத்ததும் என் தாயார் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ச் செம்பை நீட்டி, அவர் உண்டு முடிக்கும்வரை எதிரே அமர்ந்திருப்பார். ஊர்க்கதை பேசுவார், சண்டையும் போடுவார். அதுதான் அவர் நாள்தோறும் சுமந்தது. அதை இப்போது யாரும் சுமக்கவில்லை.

மறுநாள் என் விடுப்பு முடிகிற நாள். லோணந்த் நிலையத்திற்குப் பிரியும் சாலையில் அம்மையாரிடம் விடைபெற்றேன். பண்டரிபுரம் வரை வா என்று அவர் வற்புறுத்தவில்லை. “பாதி வழி இந்த வருஷம், பாதி வழி அடுத்த வருஷம். பாண்டுரங்கன் செங்கல்மேல் நின்றபடிதான் இருக்கிறான். எங்கும் போய்விட மாட்டான். உனக்காகக் காத்திருப்பவர் வேறு ஒருவர் இருக்கிறார்” என்றார். நான் அவர் காலைத் தொட்டேன். அறுபது கடந்த அவர் உடனே குனிந்து என் காலைத் தொட்டார். துளசி அப்போதும் தலையில் ஆடவில்லை.

அந்த மாத இறுதியிலேயே ஊருக்குச் சென்றேன். தந்தையார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். அலமாரியில் மூன்று மாதத்து மாத்திரைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. அன்று மாலை விளக்கு வைத்த பின் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நானே, “அன்றைக்குக் கேட்டீர்களே அப்பா, ரயிலில் வேலை பார்க்கிறவனுக்கே ரயில் இல்லையா என்று” எனத் தொடங்கினேன்.

அவருக்கு அந்த வாக்கியம் நினைவில் இல்லை. “அப்படியா கேட்டேன்? அவள் போன அன்றைக்கு என்ன பேசினேன் என்று எனக்கு எப்படிப்பா தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அதற்காகவா நீ வராமல் இருந்தாய்?” என்றார்.

நான்கு ஆண்டு! அவர் நினைவில் இல்லாத ஒரு சொல்லுக்காக நான் ஒளிந்திருந்த நான்கு ஆண்டும் அவர் தனியே உண்டார், அல்லது உண்ணாதிருந்தார்.

அவரைப் புனேக்கு அழைத்தேன். வரமாட்டேன் என்றார், நிலத்தை விட்டு வர அவருக்கு மனமில்லை. ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு நான் தொலைபேசியில் அழைக்கிறேன். அவர் மாத்திரையை விழுங்கி, உண்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருக்கிறேன். இரவுப் பணி நாள்களில் பார்சல் தள்ளுவண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே நின்று பேசுவேன். சில நாள்களில் பேச ஒன்றும் இருப்பதில்லை. அவர் உண்ணும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஊருக்கும் இப்போது அடிக்கடி செல்கிறேன்.

2025ஆம் ஆண்டில் விடுப்பைச் சேர்த்துவைத்து, விட்ட இடத்திலிருந்து, லோணந்திலிருந்து மீதி வழி நடந்தேன். தரட்காவுக்கு அருகில் சாலையின் இரு மருங்கிலும் திண்டிகள் வரிசையாக நிற்க, நடுவே குதிரைகள் பாய்ந்தோடும் ‘ரிங்கண்’ நடைபெற்றது. ஆளில்லாமல் ஓடும் குதிரையின்மேல் மாவுலியே அமர்ந்திருப்பதாக நம்பிக்கை. அதன் குளம்படி மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். திண்டியின் எண் தெரிந்திருந்ததால் அம்மையாரைத் தேடுவது கடினமாக இல்லை. அதே கடைசி வரிசை; அதே துளசி.

ஓடிச் சென்று வணங்கினேன். “மாவுலி” என்று பதிலுக்கு வணங்கினார். என்னை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. என் மனம் ஒரு கணம் வாடியது. புதுச் செருப்பைச் சொன்னேன், சிரித்தார். ஆண்டுதோறும் பத்துப் பேர் புதுச் செருப்போடு வருகிறார்கள் என்றார். நீரா ஆற்றங்கரையைச் சொன்னேன். என் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவர் முகம் மாறிற்று.

“உன் முகம் நினைவில்லை, பாளா. உன் தாயை நினைவிருக்கிறது. அவள் வாரி நடக்கிறதா?”

நடக்கிறது என்றேன். அன்று மாலை ஏழு மணிக்குத் தந்தையாரை அழைத்தபோது கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். ஒருவர் பேசிய மராத்தி மற்றவருக்குத் தெரியாது. மற்றவர் பேசிய தமிழ் இவருக்குத் தெரியாது. இருவரும் ஐந்து நிமிடம் பேசினார்கள்.

ஜூலை 6, ஏகாதசி. பண்டரிபுரத்தில் கருவறைத் தரிசனத்திற்கு நின்ற வரிசை நெடுந்தூரம் நீண்டிருந்தது. அம்மையார் அதில் நிற்கவில்லை. சந்திரபாகையில் நீராடி, நாமதேவர் படிக்கு எதிரே இருக்கும் சோகாமேளரின் சமாதியில் தலை வைத்து வணங்கி, கோபுரக் கலசத்தைப் பார்த்துக் கைகூப்பினார். தீண்டாமையின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அடியார் சோகாமேளர். அக்கொடுமை நீங்கி அரிசன மக்களுக்குக் கதவு திறக்க, 1947இல் சானே குருஜி உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. கலசத்தைக் கண்டாலே தரிசனம் முடிந்தது என்று திரும்பிவிடும் வார்கரிகள் ஏராளம். “நடந்ததுதான் தரிசனம்” என்று சொல்லிவிட்டு அவர் தம் திண்டியின் லாரியை நோக்கி நடந்தார். ஐப்பசியில் கரும்புக்குப் போகப்போவதில்லை, இனி மகன் போவான் என்றார். ஆனியில் வருவீர்களா என்று கேட்டேன். “வேறெங்கே போவேன்?” என்றார்.

நம் அன்பர்களில் சிலர் வாரியில் கலந்துகொள்ள விரும்பலாம். தனியே செல்லாமல் அறிந்த திண்டி ஒன்றில் முன்கூட்டியே சொல்லிச் சேர்ந்துகொள்ளுங்கள். உணவுக்கும் கூடாரத்திற்கும் உரியதைச் செலுத்துங்கள். முழு வழியும் இயலாதவர்கள் நீரா, லோணந்த் வரை நடந்து ரயிலில் திரும்பலாம். புதிய காலணி வேண்டாம். நான்கு மராத்திச் சொல் கற்றுக்கொண்டு செல்லுங்கள்.

இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஊரில் யாரோ ஒருவர் சுமந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று, சுமக்க ஆளின்றிக் கிடக்கக் கூடும். அது இன்னதென்று இந்த மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பாஸ் கையிலிருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையேல் மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியையாவது எடுங்கள்.

அடுத்த மாதம் வழக்கம்போல் பார்சல் விதிகளோடு சந்திக்கிறேன்.